அக்கரை வரைக்கும் ஒரு நடை

போன வாரம் காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு வாலிபர்கள். காலேஜ் முடித்த களை முகத்தில் தெரிந்தது. உத்தியோகம் கிடைக்காத களையும் கூடவே தெரிந்தது.

ஒருவன் சொல்கிறான்: "நாளைலேர்ந்து பாரு. விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன். தண்டால் எடுப்பேன். இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன். ஷார்ட்ஹாண்ட் கத்துக்குவேன். காபி கிடையாது. மூக்குப்பொடி கிடையாது. எல்லாம் கட்!"

மற்றவன் கேட்டான்: "இன்னிக்கே ஆரம்பிக்கிறதுக்கு இன்னாடா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"நல்ல நாள்தானே?"

"அதனாலதான்! நல்ல நாளை முடிவு பண்றதுக்கு வெச்சிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு கப் காபிக்கு ஆள் அனுப்பினான். கடைசிக் காபியாம்!

சிரிப்பு வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், இந்த 'நாளைலேர்ந்து' இல்லாத வீடு நம்மிடையே உண்டா? இருபது வயதில் யாரைத் தொட்டாலும் இந்த வார்த்தைதான் உதிரும். அந்த வயதில் நாளை என்பது மழைக்குப் பிறகு கழுவிவிட்ட தெரு மாதிரி... யார் காலடியும் படாமல் பளிச்சென்று கிடக்கும்.

என் ரயில் லேட். உட்கார்ந்தபடியே நான் ஆம்பூருக்குப் போய்விட்டேன் — டிக்கெட் இல்லாமல், பதினைந்து வருஷத்துக்கும் முந்திய ஆம்பூருக்கு.

அப்போது நான் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோல் மண்டியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அக்கா வீட்டில் ஜாகை. கல்யாணம் ஆகவில்லை. கையில் வேலை இருந்தது. மனசில் என்னவெல்லாமோ ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தது. என்ன ஆகவேண்டும் என்றுதான் தெரியவில்லை!

நானும் தீர்மானங்கள் போட்டேன். ஹார்மோனியம் பழகுவது. ஜாஸ்தி பேசாமலிருப்பது. தினம் ஒரு அத்தியாயம் இங்கிலீஷ் வாசிப்பது. எல்லாம் திங்கட்கிழமை பிறந்து வியாழக்கிழமை காலமாயின. நான் தீர்மானிக்காத ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது.

நடை.

ஒருநாள் விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தோல் பதனிடத் தொட்டிகளில் ஊறும் ஆவாரம் பட்டையின் துவர்ப்பு வாடை காற்றில் இருந்தது. ஆம்பூர்க்காரர்களுக்கு அது வாடையே இல்லை, ஊரின் மூச்சு. கதவைத் திறந்தேன். கால்கள் தாமாக நடந்து பாலாற்றில் இறங்கின.

பாலாறு என்றால் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆறு மணல் ஆறு. கரையிலிருந்து கரைவரை வெள்ளை மணல். அதன்மேல் இடுப்பளவுக்குப் பனி. நடந்தால் இடுப்புக்குக் கீழே எனக்கே நான் தெரியவில்லை. தூரத்தில் மலைகள் — பாதி விழித்து, பாதி தூங்கி. யாரோ என்னைக் கனவு கண்டுகொண்டிருப்பது போலவும், அவர் எழுந்தால் நான் மறைந்துவிடுவேன் போலவும் இருந்தது.

திரும்பி வந்து காபி குடித்தேன். பள்ளிக்கூடம் போனேன். அன்று பகல் முழுக்க மனசில் யாரோ பெருக்கிக் கோலம் போட்டுவைத்தது போலிருந்தது. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும்.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே!

"இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால யாரு வூட்டுக்கு?" என்று பால்காரர் கேட்டார்.

"எங்க போறா, எங்க போறான்னு கேக்குறவங்களுக்கு நான் இன்னாடி பதில் சொல்றது?" என்று அக்கா கேட்டாள்.

யோசித்தேன். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். என்ன ஆச்சரியம்! ஒருவரும் கேட்கவில்லை. கையில் குடமிருந்தால் பெண்பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகலாம். கை வெறுமையாக இருந்தால்தான் சந்தேகம்.

இந்தத் தந்திரமும் நீடிக்கவில்லை. ஒரு தோல் வியாபாரி மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். எதிரே நான், காலிக் குடத்துடன்! "அடக் கடவுளே, வியாபாரத்துக்குப் போறவன் எதிர்லயா வருவே!" என்று நொந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினார். கால் கழுவி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி புறப்படுவதற்குள் ரயில் போய்விட்டது. சாயந்தரமே அக்காவிடம் புகார் வந்தது. குடம் அடுப்பங்கரைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "சும்மா." தமிழில் இதைவிடப் பலமான வார்த்தை உண்டா? சும்மா போகிறவளை என்ன செய்வது! கொஞ்ச நாள் கிறுக்கு என்றார்கள். அப்புறம், "அது அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். ஒரு காரியத்தைச் சில நாள் செய்தால் ஊர் அதற்குக் காரணம் கேட்கும். பல நாள் செய்தால் அதுவே காரணமாகிவிடும்.

எங்கள் வீட்டுப் பின்வாசல் ஒரு குறுகலான சந்தில் திறக்கும். எதிர்ச்சாரியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பின்வாசல். வீட்டுக்காரப் பிள்ளை மெட்ராஸ் பெரியமேட்டில் தங்கித் தோல் வியாபாரம் செய்கிறவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். இங்கே அவருடைய தாயாரும் மனைவியும்தான். தாயாரைத் தெருவே பீபியம்மா என்று அழைக்கும். மருமகள் ஜுபேதா, மேல்விஷாரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வயதுதான் இருக்கும்.

அந்தக் கோடையில் ஜுபேதாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை தங்கவில்லை. அவள் மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றி ஆண்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் அவள் குரலை யாரும் கேட்கவில்லை. சமைப்பாளாம், துவைப்பாளாம், பேசமாட்டாளாம்.

ஒரு விடியற்காலை நான் சந்தில் இறங்கியபோது எதிர்க்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல்:

"டீச்சர்... டெய்லி எங்க போறீங்க?"

"ஆத்துக்கு."

"தண்ணி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னா கீது அங்க?"

"மணல்தான். வெறும் மணல்."

நான் நகரப் போனேன்.

"நானும் வரட்டா?"

இருட்டுக்குள் அவளுக்குப் பின்னால் இன்னோர் உருவம் அசைந்தது. பீபியம்மா. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இப்படிச் சொன்னார்: "கூட்டிக்கினு போம்மா. பொண்ணு வாயத் தொறந்து எத்தினி நாளாச்சு! வெளிச்சம் வர்றதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடு."

புர்காவைப் போட்டுக்கொண்டு ஜுபேதா வாசல்படியைத் தாண்டினாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வந்ததும் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"போதும் டீச்சர். நாளைக்கு அந்த வேப்பமரம் வரைக்கும்."

மறுநாள் வேப்பமரம் வரை வந்தாள். "நாளைக்குக் கரை வரைக்கும்" என்றாள். அதற்கப்புறம் நாலு நாள் வரவில்லை. கதவு மூடியே இருந்தது. நான் தட்டவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. ஐந்தாம் நாள் கதவு திறந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள் — "கரை வரைக்கும்னு சொன்னேன்ல?"

இப்படியே ஆற்றுக்குள் இறங்கினோம். ஒவ்வொரு நாளும் திரும்புகிறபோது அடுத்த நாளுக்கு ஓர் அடையாளம் குறித்துக்கொள்வாள். ஒரு நாள் நாணல் புதர். ஒரு நாள் நடு ஆற்றில் யானை படுத்தாற்போல் கிடக்கும் பாறை. அது வரைக்கும்; அதற்குமேல் ஓரடி கிடையாது. எனக்கு வேடிக்கையாக இருக்கும். நான் மனம்போன போக்கில் நடக்கிறவள். அவளோ எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

எங்கே என்பது பாறையில் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. பனி மெல்ல மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. முகத்திரையை விலக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்தாள்.

"அங்க ஒரு புங்கமரம் தெரியுதே டீச்சர், அதுக்குப் பின்னாலதான் எங்க ஆளுங்கள அடக்கம் பண்ற கபரஸ்தான்."

நானும் அந்த மரத்தின் பக்கம் திரும்பினேன்.

"அங்கதான் வெச்சிட்டு வந்தாங்களாம். பொம்பளைங்க போறதில்ல. கேட்டா அழுவேன்னு யாரும் சொல்லவும் மாட்டேங்கறாங்க. நான் மூஞ்சியே பாக்கல டீச்சர். எடத்தையாச்சும் பாக்கணும். வெளில நின்னு பாத்துட்டு வந்துடுவேன். அது தப்பா?"

தப்பா சரியா என்று சொல்ல நான் யார்? "போலாம்" என்றேன்.

"இன்னிக்கி வேணாம். இன்னிக்கி இந்தக் கல்லு வரைக்கும்தான்."

அந்தக் கட்டுப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. மலையளவு துக்கத்தை அவள் ஒரே மூச்சில் தாண்டப் பார்க்கவில்லை. ஒரு வேப்பமரம், ஒரு புதர், ஒரு கல் என்று துண்டு போட்டுக்கொண்டாள். நாமெல்லாம் என்ன செய்கிறோம்? விடிந்தால் தண்டால், இங்கிலீஷ் பேப்பர், ஷார்ட்ஹாண்ட்...!

ஐப்பசி பிறந்துவிட்டது. ஊரில் தூறல்கூட இல்லை. ஆனால் மேற்கே மைசூர்ப் பக்கம் இரண்டு ராத்திரியாக மின்னிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் அழகு பார்த்தோமே தவிர, அர்த்தம் பார்க்கவில்லை.

அன்று அக்கரை ஏறினோம். புங்கமரத்தடியில் இடுப்புயர மண்சுவர். ஜுபேதா உள்ளே போகவில்லை. சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். ஓர் ஓரமாகச் சின்னச் சின்ன மேடுகள். சாண் உயரம்கூட இல்லாத மேடுகள். அறுகம்புல் படர்ந்து, பனி கோத்து, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"எதுன்னு தெரியலையே டீச்சர்."

எனக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடுகள் அசைந்தன, ஓதினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எதுவா இருந்தா இன்னா... எல்லாம் கொழந்தைங்கதான்" என்றாள்.

திரும்பினோம். கரைச் சரிவில் கால் வைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த சருகின்மேல் யாரோ நீளமான சேலையை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. மேற்கே பார்த்தோம்.

ஆறு வந்துகொண்டிருந்தது.

அலையடித்துக்கொண்டு ஒன்றும் வரவில்லை. மண்நிறத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில், முன்னால் நுரையும் சருகும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு, மணலை முகர்ந்து முகர்ந்து பார்த்தபடி வந்தது. பள்ளம் கண்டால் நின்று நிரப்பியது. பிறகு நகர்ந்தது. மணல் குடித்தது; குடித்து 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டது. சற்று முன் நாங்கள் பதித்துவந்த காலடிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. பனியும் தண்ணீரும் ஒன்றாகி, எது வானம் எது ஆறு என்று தெரியவில்லை. அங்கே நின்றிருந்த நாங்கள் இருவரும் பேச மறந்தோம். ஓட மறந்தோம். ஆறு பிறப்பதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சொக்கி நின்றதற்குப் பலன், சூரியன் வந்தபோது நாங்கள் அக்கரையில்! நடுவே தண்ணீர் தொடையளவுக்கு ஓடுகிறது. எதிர்க்கரையில் ஊரே கூடிவிட்டது. புதுத்தண்ணீருக்குக் கற்பூரம் ஏற்றவும் பூப்போடவும் வந்த கூட்டம்.

"மாமி என்னைக் கொன்னுடுவாங்க" என்றாள் ஜுபேதா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் நிலைமை மட்டும் என்ன? டீச்சர் உத்தியோகமும் அக்கா வீட்டுச் சாப்பாடும் ஆற்றோடு போகிற மாதிரி எனக்கும் தெரிந்தது. இருந்தும் சிரித்தேன்.

அப்போது மலையடிவாரத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. தோல் மண்டிக்கு ஆவாரம் பட்டை ஏற்றி வருகிற வண்டி. கட்டுக்கட்டாகப் பட்டை, வீட்டுக்கூரை உயரத்துக்கு.

வண்டிக்காரர் எங்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "ஏறுங்கம்மா. பட்டை மேல குந்திக்கினு கெட்டியாப் புடிச்சிக்குங்க. மாட்டுக்குப் பயமில்ல, எனக்குத்தான்!" என்றார்.

ஏறினோம். வண்டி ஆற்றில் இறங்கியது. சக்கரம் பாதி முழுகியது. நடு ஆற்றில் ஒரு பக்கம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. மாடுகள் மிரண்டு தலையை ஆட்டின. வண்டிக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்.

"கயித்தப் புடிங்க யாராச்சும்! ஓட்டுங்க! சத்தம் போட்டு ஓட்டுங்க!" என்று கத்தினார்.

எனக்குக் கை நகரவில்லை. ஜுபேதா முன்னால் சறுக்கிப் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டாள். திரை காற்றில் பறந்து பின்னால் போயிற்று. "சலோ! சலோ பேட்டா, சலோ!" — போ மகனே, போ என்று உருதுவில் அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே... மாதக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்திருந்த குரல் முழுவதும் அதில் வந்தது. மாடுகள் ஒரு திமிறு திமிறின. வண்டி எழும்பியது.

கரையேறினோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க, பட்டைக் கட்டின்மேல் இரண்டு பெண்கள்! ஜுபேதா திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீபியம்மா வந்தார். செருப்புகூட இல்லை, அப்படியே ஓடி வந்திருக்கிறார். மருமகளின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"எங்க போன?" மெல்லத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

ஜுபேதா மழுப்பவில்லை. "பாக்கப் போனேன், மாமி."

யாரை என்று அவர் கேட்கவில்லை. அக்கரைப் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"புங்கமரம் கீதுன்னு சொல்வாங்களே... நெழலு இருக்குதா?"

"நல்ல நெழலு, மாமி. பெரிய மரம்."

பீபியம்மா மருமகளின் திரையைச் சரிசெய்தார். "எனக்கும் ரெண்டு பேரு அங்க இருக்காங்க" என்றார். "உன் புருஷனுக்கு மூத்தது ஒண்ணு, எளையது ஒண்ணு. எத்தினியோ வருசமாச்சு. யாரும் கூட்டிக்கினு போவல. நானும் கேக்கல."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து அதட்டினார்: "இன்னா வேடிக்கை? ஆத்தப் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?"

கூட்டம் மரியாதையாக ஆற்றைப் பார்க்கத் திரும்பியது.

ஊர் வாய் சும்மா இருந்ததா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட மானேஜர் கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "இனிமே மேற்கே மின்னினா போகாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஜுபேதாவின் கணவர் மெட்ராஸிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் பீபியம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார். வெளியே வந்தபோது மகனின் கண் சிவந்திருந்தது. அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

நல்ல பழக்கம் என்றால் உடம்புக்கு நல்லது, மூளைக்கு நல்லது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது வேறு. பழக்கம் என்பது தினமும் நாமே திறந்துவைக்கிற ஒரு கதவு. அதன் வழியாக என்ன வரும், யார் வருவார் என்று நம்மால் தீர்மானம் போட முடியாது. திறந்துவைப்பது மட்டும்தான் நம் பாடு.

தை மாதம் தண்ணீர் வடிந்தது. மணல் மறுபடி வெள்ளையாகத் தலைகாட்டிய முதல் விடியற்காலையில், எதிர்க்கதவில் இரண்டு புர்காக்கள் தயாராக நின்றன. பீபியம்மாவுக்கு வயதாகிவிட்டதே, பாறை வரைக்கும் மெதுவாகக் கூட்டிப்போய் உட்காரவைக்கலாம் என்று நானும் ஜுபேதாவும் பேசிவைத்திருந்தோம்.

அந்த அம்மாள் போட்ட நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல், பாறையில் உட்கார்ந்துவிட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்!